தரையில் மூழ்கியவர்

படகு தரையில்தான் நின்றது. பக்கத்தில் ஆறு கிடையாது, குளம் கிடையாது. தண்ணீரைப் பார்க்க வேண்டுமென்றால் வண்டி பிடித்து அரை மணி நேரம் போக வேண்டும். ஆனாலும் அந்தப் படகுக்குள் ஒரு மனிதர் மூழ்கிச் செத்திருந்தார்.

மதியம் 2.25. இன்ஸ்பெக்டர் அம்மா ஜீப்பிலிருந்து முதலில் இடது காலை இறக்கினார்; வலது முழங்காலுக்கு இப்போதெல்லாம் தனியாகக் கெஞ்ச வேண்டியிருந்தது. ஓய்வுக்கு ஏழு மாதம் பாக்கி. மதியச் சாப்பாட்டு டப்பா பின்சீட்டில் திறக்காமலே கிடந்தது. நேற்றும் அது அப்படித்தான் வீடு திரும்பியது.

"மேடம், தரையில நிக்கிற படகுல ஒருத்தர் மூழ்கிட்டார்னு ரிப்போர்ட்ல எப்படி எழுதறது?" என்றார் கான்ஸ்டபிள்.

"நடந்ததை எழுதுய்யா. மேல யாரும் படிக்கப் போறதில்ல."

சுற்றுச்சுவர் போட்ட பெரிய பட்டறை அது. பாதிக்குக் கூரை, பாதிக்கு வெயில். அங்கங்கே பழைய அலுமினியப் படகுகள் கவிழ்ந்தும் சாய்ந்தும் கிடந்தன. கைவிடப்பட்டவற்றை அடிமாட்டு விலைக்கு வாங்கி, ரிவெட் ஆணி மாற்றி, எஞ்சின் மாட்டும் பின்பலகை மாற்றி, எங்கிருந்தாவது ஒரு பழைய எஞ்சின் தேடிப் பொருத்தி, புதுப் படகு வாங்க வக்கில்லாதவர்களுக்கு விற்பது இங்கே தொழில். செத்தவர்தான் முதலாளி. வயது ஐம்பது. ஊரில் எல்லோரும் அவரை 'தகரடப்பா' என்றார்கள். "தகரம் இல்லய்யா, அலுமினியம்" என்று ஒவ்வொரு முறையும் அவர் திருத்துவாராம். யாரும் கேட்டதில்லை.

இப்போது அவர் ஒரு தார்ப்பாயின்மேல் நனைந்து கிடந்தார். டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"பின்மண்டையில ஒரு அடி. சாகற அடி இல்ல, மயங்கற அடி. கொன்னது தண்ணிதான். பன்னெண்டரையிலிருந்து ஒரு மணிக்குள்ள நடந்திருக்கணும்."

"வழுக்கி விழுந்திருக்கலாமா?"

"பின்மண்டை அடிபடற மாதிரி விழுந்தா மல்லாக்கக் கிடக்கணும். இவர் குப்புறக் கிடந்திருக்கார்."

ஆக, யாரோ பின்னாலிருந்து அடித்திருக்கிறார்கள். விழுந்தவருக்கு மூச்சு இருக்கும்போதே குழாயைத் திறந்து ஹோஸ் பைப்பைப் படகுக்குள் போட்டிருக்கிறார்கள். தூக்கி உட்கார வைத்து முகத்தில் தண்ணீர் தெளித்திருந்தால் பிழைத்திருப்பார். அதே தண்ணீர்தான். முப்பத்திரண்டு வருஷச் சர்வீஸுக்குப் பிறகும் இன்ஸ்பெக்டருக்கு இது பழகவில்லை.

செத்தவரின் சட்டைப்பையில் ஒரு சாக்கட்டி கரைந்து களியாகியிருந்தது. வேறொன்றும் இல்லை.

2.50. தங்கை ஒரு கவிழ்ந்த படகின்மேல் உட்கார்ந்திருந்தாள். வயது நாற்பத்து மூன்று. இடுப்புக்குக் கீழே முழுக்க ஈரம். பதினைந்து வருஷமாக அண்ணனோடு சேர்ந்து இதே பட்டறையில் சுத்தி பிடித்தவள்.

இன்ஸ்பெக்டர் நோட்டுப் புத்தகத்தை அந்தப் படகின்மேலேயே வைத்து, பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"பென்சில் வேணாம்!" தங்கை வெடுக்கென்று எழுந்துவிட்டாள். "மன்னிச்சுக்குங்க மேடம். அலுமினியத்துக்கு அது ஆகாது. எங்க அண்ணன் உள்ளயே விட மாட்டார்."

அண்ணன் பிணம் பத்தடி தள்ளிக் கிடக்கிறது, இவளுக்குப் பென்சில் கவலை என்று இன்ஸ்பெக்டருக்குச் சுர்ரென்று வந்தது. ஆனால் சண்டை போடத் தெம்பில்லை. கான்ஸ்டபிளின் பேனாவை வாங்கிக்கொண்டார்.

"எத்தனை மணிக்கு வெளியே போனீங்க?"

"பன்னெண்டுக்கு. பெயிண்ட் பிரஷ் வாங்க."

"திரும்பினது?"

"ஒண்ணே முக்கால். தண்ணி சீட்டு மட்டம் வரைக்கும் நின்னுச்சு. குழாய் ஓடிக்கிட்டே இருந்துச்சு."

"என்ன பண்ணீங்க?"

"தூக்கிப் பாத்தேன். அவர் எண்பத்தஞ்சு கிலோ மேடம், முடியல. அதான் வடிகால் மூடியைப் பிடுங்கி விட்டேன். தண்ணியாவது போகட்டும்னு."

"காலையில சண்டையாம். நீங்க கத்தினது தெரு முழுக்கக் கேட்டிருக்கு."

அவள் குனிந்து ஏப்ரன் நுனியைப் பிழிந்தாள்.

"என்ன சண்டை?"

"அண்ணன் தங்கச்சி சண்டை. விடுங்க."

"நான் விட்டாலும் மேல விட மாட்டாங்கம்மா."

சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. மேலதிகாரி. அவர் எப்போதும் ஏசி அறையிலிருந்தே கேஸை முடித்துவிடுவார். "கூட இருந்தது அவ ஒருத்திதான். சண்டை போட்டிருக்கா. வந்ததும் தண்ணியை வடிச்சுத் தடயத்தையும் அழிச்சிருக்கா. இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு? ஆறு மணிக்கு அவளை ஸ்டேஷன்ல பாக்கணும்."

போனில் ஒலித்தது தங்கைக்கும் கேட்டுவிட்டது.

"மேடம், ஆறு மணிக்கு எங்கம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கணும். ரெண்டு வருஷமா படுக்கைதான். அண்ணன் ஒருவேளை, நான் ஒருவேளைன்னு பாத்துக்கிட்டிருந்தோம். என்னையும் கொண்டு போயிட்டா அவங்களுக்கு யாரு இருக்கா? அண்ணன் போனதே அவங்களுக்கு இன்னும் தெரியாது."

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடிவிட்டு எழுந்தார். ஆறுதல் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன வாய் அது.

3.15. அவர் அந்தப் படகை ஒருமுறை மெதுவாகச் சுற்றி வந்தார். பதினான்கு அடி நீளம், டிரெய்லர் மேல் நின்றது. தண்ணீரின் பாரத்தில் ஒரு டயர் சப்பையாகியிருந்தது. வெளிப்பக்கம் பளபளவென்று துடைத்த வெள்ளிப் பாத்திரம்போல் இருந்தது. அதில் முன்பக்கமாகப் பதினோரு ரிவெட்டுகளைச் சுற்றி மங்கலான சாம்பல் வட்டங்கள். ஒவ்வொரு வட்டமும் ஒரு பக்கம் பட்டையாகவும் மறுபக்கம் மெல்லிசாகவும் இருந்தது. எச்சில் தொட்டுக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். அழியவில்லை.

குனிந்தார். முழங்கால் திட்டியது. படகின் பின்பக்கம், வடிகால் ஓட்டைக்குக் கீழே, தரை சேறாக இருந்தது. முன்பக்கம், வட்டம் போட்ட ரிவெட்டுகளுக்கு நேர் கீழே, தூசி படிந்தபடியே கிடந்தது. அதில் ஒரு எறும்பு நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தது.

"இது என்ன வட்டம்?" என்று வெல்டரிடம் கேட்டார். வெல்டர் காலையில் பதினொரு மணிக்கு வந்து வேலை பார்த்துவிட்டுப் பன்னிரண்டுக்குள் போனவர். செய்தி கேட்டு ஓடி வந்து, வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"ஒழுகற ரிவெட்டுக்குப் போடற அடையாளம் மேடம். பழைய படகு வாங்கினா முதல் வேலை இதுதான். டிரெய்லர்ல நிறுத்தி உள்ள தண்ணி விடுவாங்க, ஒரு ஜாண் அளவுக்கு. அதுக்கு மேல விட்டா பாரம் தாங்காது. வெளிய எந்த ரிவெட்ல சொட்டுதோ அதைச் சுத்தி வட்டம். அப்புறம் வடிச்சுட்டு ஒவ்வொண்ணா அடைப்பாங்க."

"ஆக, அவர் ஒழுகற இடம் பாத்துக்கிட்டிருந்தார்னு அர்த்தம்."

"அப்படித்தான் தோணுது." வெல்டர் மூக்கை உறிஞ்சினார்.

"நீங்க எதுல அடையாளம் போடுவீங்க?"

அவர் மேல்பையிலிருந்து வெள்ளையாக ஒரு குச்சியை எடுத்தார். "மாவுக்கல் மேடம். வெல்டருங்க எல்லாம் இதான்."

"நீங்க காலையில என்ன வேலை பாத்தீங்க?"

அவர் மூலையில் நின்ற இன்னொரு படகைக் காட்டினார். விற்றுப் போய்த் திரும்பி வந்த படகு. எஞ்சின் மாட்டும் பின்பக்கத்தை அறுத்துத் திறந்திருந்தார்கள். உள்ளே பச்சை பாய்ந்த பலகை ஒன்று. அதை ஒட்டியிருந்த அலுமினியம் முழுக்கச் சுண்ணாம்புப் பொடி பூத்து, கரையான் அரித்த புத்தகம்போல் ஓட்டை ஓட்டையாக இருந்தது. இன்ஸ்பெக்டர் விரலை வைத்தார். விரல் உள்ளே போனது.

"இதை வெல்ட் பண்ணச் சொன்னார். தொட்டா உதிருது, எதுல ஒட்டறதுன்னு கேட்டேன். அதைப் பாத்து ரொம்ப நேரம் பேசாம நின்னார் மேடம். நான் போறப்பவும் அப்படியேதான் நின்னார்."

3.50. இன்ஸ்பெக்டர் தங்கையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஃபிளாஸ்க்கில் மிச்சமிருந்த டீயை மூடியில் ஊற்றிக் கொடுத்தார்.

"இப்ப சொல்லும்மா. சண்டை அந்தத் திரும்பி வந்த படகு பத்தித்தானே?"

டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு அவள் அழுதாள். சத்தமில்லாத அழுகை; பிறகு சொன்னாள்.

"போன மாசம் அந்தப் படகுல எஞ்சின் பிச்சுக்கிட்டு போச்சு. ஓட்டினவருக்கு ஒரு கால் போயிடுச்சு. ஏன்னு தெரியாம அண்ணன் தூங்கவே இல்ல. இன்னிக்குக் காலையில திறந்து பாத்தோம். பலகையில பூச்சி வராம இருக்க மருந்து ஏத்தியிருக்கு. அந்த மருந்துல செம்பு இருக்கு மேடம். செம்பு பட்டா அலுமினியம் செல்லரிச்சுப் போயிடும். சாதாரணப் பலகைதான் போடணும்னு, பின்பலகை செஞ்சு குடுக்கற கார்பென்டர்கிட்ட எத்தனை தரம் சொல்லியிருப்பார்! அதே பலகை போட்டு இன்னும் ஆறு படகு வித்திருக்கோம்."

"அண்ணன் என்ன சொன்னார்?"

"ஆறு பேருக்கும் இன்னிக்கே சொல்லி எல்லாத்தையும் திருப்பி வாங்கி நாமே சரி பண்ணிக் குடுக்கணும்னார். எனக்கு எரிஞ்சுது. தப்பு கார்பென்டரோடது, நாம ஏன் அழியணும், உனக்குப் பைத்தியமான்னு கத்தினேன். சொல்லாம இருந்துடுவோம்னு சொன்னேன் மேடம். நான்தான் சொன்னேன். அதுதான் எங்க கடைசிப் பேச்சு."

அதனால்தான் வாய் திறக்கவில்லை. கொலையை மறைக்க அல்ல, வெட்கம்.

"கார்பென்டரை அண்ணன் என்ன செய்யப் போறேன்னார்?"

"அவனை நான் கேட்டுக்கறேன்னார்."

"இந்தப் படகுக்கு இன்னிக்குத் தண்ணி விடற வேலை இருந்துச்சா?"

"இல்லவே இல்ல. முந்தாநாளே எல்லா ரிவெட்டையும் அடைச்சாச்சு. நேத்து ஒரு ஜாண் தண்ணி விட்டுப் பாத்தோம், ஒரு சொட்டு விழல. இன்னிக்குப் பெயிண்ட் அடிக்கற நாள். பத்து மணிக்கு நானே வெளிப்பக்கம் முழுக்க ஆசிட் போட்டுத் துடைச்சேன். பெயிண்ட் அடிக்கற நாள்ல யாராவது படகை நனைப்பாங்களா?"

"நீ எதுல வட்டம் போடுவே?"

அவள் ஏப்ரன் பையிலிருந்து சிவப்பு மார்க்கரை எடுத்தாள். "அண்ணனுக்குச் சாக்கட்டி, எனக்கு இது."

இன்ஸ்பெக்டர் மணி பார்த்தார். இரண்டு மணி நேரம் இருந்தது. எழுந்திருக்கக் கான்ஸ்டபிளின் கை தேவைப்பட்டது.

4.30. அந்தப் பலகை போட்ட தச்சரின் கடை இரண்டு தெரு தள்ளி. மரத்தூள் மணத்தது. அவருக்கு அறுபது வயது இருக்கும். ஒல்லி, மரியாதையான மனிதர். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். செய்தி கேட்டதிலிருந்து கை ஓடவில்லை என்றார். கை ஓடாமலா நான்கு பலகை அறுத்து அடுக்கியிருக்கிறார் என்று இன்ஸ்பெக்டர் கேட்கவில்லை.

"கடைசியா அவரை எப்பப் பாத்தீங்க?"

"ஒரு வாரம் இருக்கும். இந்த வாரம் அந்தப் பக்கமே போகல மேடம்."

"இன்னிக்கு மதியம்?"

"இங்கதான். தனியாத்தான் இருந்தேன்."

"எப்படி நடந்திருக்கும்னு நினைக்கறீங்க?"

"தண்ணி விட்டு ரிவெட் பாக்கறப்ப வழுக்கியிருப்பார். பழைய படகு இல்லையா, சல்லடை மாதிரி ஒழுகும். உள்ள நின்னா கால் நிக்காது."

"பின்னால அடுக்கியிருக்கற அந்தப் பலகை ஏன் பச்சையா இருக்கு?"

தச்சர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "மருந்து ஏத்தினது. உளுத்துப் போகாது."

"ஒரு உதவி பண்ணுங்க. பட்டறை வரைக்கும் வாங்க. அந்தப் பின்பலகை அளவு பத்தி எனக்கு ஒண்ணும் புரியல."

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். வராமல் இருந்தால் அது இன்னும் தப்பாகத் தெரியும் என்று எண்ணியிருப்பார்.

5.20. பட்டறையில் நான்கு பேர் நின்றார்கள்: தங்கை, வெல்டர், தச்சர், வாசலை அடைத்தபடி கான்ஸ்டபிள். இன்ஸ்பெக்டர் மட்டும் ஒரு கவிழ்த்த வாளியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் ஒரு துண்டு அலுமினியத் தகடு, நடுவில் மூன்று ரிவெட்.

"எனக்கு வயசாயிடுச்சு, சொன்னாப் புரிய மாட்டேங்குது. செஞ்சு காட்டுங்க. ஆளுக்கு ஒரு ரிவெட். சுத்தி ஒரு வட்டம். சீக்கிரம், எனக்கு இன்னும் சாப்பாடே ஆகல."

வெல்டர் மாவுக்கல்லால் வெள்ளை வட்டம் போட்டார். தங்கை மார்க்கரால் சிவப்பு வட்டம் போட்டாள். தச்சர் குனிந்தார். அவர் கை, அவரைக் கேட்காமலே, வலது காதுக்குப் போனது. காதிடுக்கில் செருகியிருந்த பட்டைப் பென்சிலை எடுத்தது. தகட்டின்மேல் இறங்கியது.

"பென்சில்!" என்று தங்கையும் வெல்டரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

பதினைந்து வருஷப் பழக்கம். யாரும் தூண்டவில்லை, தானாக வந்தது. கத்திய பிறகுதான் தங்கை தன் வாயையே பொத்திக்கொண்டாள். மெல்ல அவள் தலை படகின் பக்கம் திரும்பியது. அந்தச் சாம்பல் வட்டங்களை அவள் அப்போதுதான் உண்மையாகப் பார்த்தாள்.

தச்சரின் கை பாதியில் நின்றது.

"பரவால்ல, போட்டு முடிங்க" என்றார் இன்ஸ்பெக்டர் அலுப்போடு. "பட்டை முனைப் பென்சில்ல வட்டம் போட்டா ஒரு பக்கம் தடிமனா, ஒரு பக்கம் மெல்லிசாத்தான் வரும். பதினோரு தடவை பாத்துட்டேன்."

"நான்… இது பழைய அடையாளமா இருக்கும் மேடம். என்னிக்கோ போட்டது."

"காலையில பத்து மணிக்கு அந்தப் பக்கம் முழுக்க ஆசிட் போட்டுத் துடைச்சிருக்காங்க. பதினொரு மணிக்கு வந்த வெல்டரும் அந்தப் பளபளப்பைப் பாத்திருக்கார். என்னய்யா?"

"ஆமா மேடம். ஒரு கீறல் கூட இல்ல. கண்ணு கூசுச்சு."

இன்ஸ்பெக்டர் முழங்காலைத் தடவிக்கொண்டே பேசினார். குரல் உயரவில்லை.

"வெளியாள் செஞ்சிருந்தா, ரிவெட்டுக்கு வட்டம் போடணும்னே தெரிஞ்சிருக்காது. தங்கச்சியோ வெல்டரோ செஞ்சிருந்தா, உயிரே போனாலும் பென்சிலால போட்டிருக்க மாட்டாங்க. பென்சில் கரி பட்டு ஈரமும் பட்டா அந்தக் கோட்டோடவே அலுமினியம் அரிச்சுப் போகுமாம். இந்தப் பட்டறையில மூச்சு விடறதுக்கு முன்னாடி கத்துக்கற பாடம் அது. எனக்கே இன்னிக்குத் திட்டு விழுந்துச்சு. அதுவும் போக, வட்டம் போட்ட ரிவெட் எதுவும் ஒழுகல. கீழ தூசி நனையவே இல்ல. படகை அடைச்சு முடிச்சாச்சுன்னு தங்கச்சிக்குத் தெரியும். பழைய படகுன்னா சல்லடை மாதிரி ஒழுகும்னு நினைச்சது யாரு? நீங்க."

தச்சர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"இந்த வேலையோட வழக்கம் தெரிஞ்ச ஆளு, ஆனா மரத்துல பழகின கை. இந்த ஊர்ல எத்தனை பேர் அப்படி இருக்காங்க? உங்க பலகை ஒருத்தர் காலை எடுத்திருக்கு. அதைக் கேக்க அவர் உங்களைக் கூப்பிட்டார். ஊருக்கே சொல்லப் போறேன்னார். படகுக்குள்ள இறங்கி நின்னவரைப் பின்னாலிருந்து அடிச்சீங்க. அது கோபம், சரி. அதுக்கப்புறம் குழாய்கிட்ட நடந்து போனீங்க பாருங்க, இருபது அடி, அது கோபம் இல்ல. ஒழுகற இடம் பாக்கறப்ப விழுந்தாருன்னு தோணணும். வட்டம் போடச் சாக்கட்டி தேடினீங்க, அது அவர் பையில, தண்ணிக்குள்ள. உடனே கை காதுக்குப் போச்சு."

தச்சர் வாளி ஒன்றின் விளிம்பில் உட்கார்ந்தார். உட்காரும்போது அவருக்கும் முழங்கால் வலித்தது தெரிந்தது.

"பத்து வருஷமா பென்சில், பென்சில்னு திட்டுவார் மேடம்" என்றார். "உள்ள வர்றப்ப வாசல்லயே வாங்கி வெச்சுக்குவார். இன்னிக்கு வாங்கல. அந்தப் பலகையைப் பத்தித்தான் பேச்சு, அதுல மறந்துட்டார்." பிறகு, "மருந்துப் பலகை சீக்கிரம் கெடாதுன்னுதான் போட்டேன். நல்லதுன்னு நினைச்சுதான் போட்டேன்" என்றார்.

"அதை நான் நம்பறேன்" என்றார் இன்ஸ்பெக்டர். "குழாயைத் திறந்தது எந்த நல்லதுக்கு?"

கான்ஸ்டபிள் தச்சரைக் கையைப் பிடித்து ஜீப்புக்குக் கூட்டிப்போனார்.

5.48. இன்ஸ்பெக்டர் மேலதிகாரிக்குப் போன் போட்டு இரண்டே வாக்கியத்தில் முடித்தார். அவர் ஏதோ விளக்கம் கேட்டார். சிக்னல் சரியில்லை என்று இன்ஸ்பெக்டர் வைத்துவிட்டார்.

"போட்டோ எடுத்தாச்சு. வட்டத்தைத் துடைக்கறதானா துடைச்சுக்கோம்மா" என்றார் தங்கையிடம். "ஆறாகப் போகுது. அம்மாகிட்ட போ. எப்படிச் சொல்றதுன்னு தெரியலன்னா நான் கூட வர்றேன்."

அவள் துணியை எடுக்கவில்லை. அண்ணனின் மேஜையைத் திறந்து ஒரு பழைய டைரியை எடுத்தாள். அவள் விரல் ஒரு பக்கத்தில் வரிசையாக எழுதியிருந்த ஆறு போன் நம்பர்களின்மேல் நின்றது.

"அதெல்லாம் நாளைக்குப் பண்ணிக்கலாமேம்மா. இன்னிக்கு உனக்கு எதுக்கு இது?"

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை மேடம். ஆறு பேரும் புள்ளைங்களை ஏத்திக்கிட்டுப் படகை இறக்குவாங்க."

கைப்பேசியில் அவள் முதல் எண்ணை அழுத்தினாள். இரண்டு முறை தப்பாக விழுந்தது. மூன்றாவது முறை மறுமுனையில் யாரோ எடுத்தார்கள்.

"படகுப் பட்டறையிலிருந்து பேசறேன். உங்க படகைத் தண்ணியில இறக்காதீங்க. பின்பலகை சரியில்ல. ஆமா, எங்க தப்புதான். நாங்களே மாத்திக் குடுத்துடறோம்." டைரியில் அவள் விரல் அடுத்த எண்ணுக்கு நகர்ந்தது. "எங்க அண்ணன் சொல்லச் சொன்னார்."